ஊட்டி, கொடைக்கானல் ஏரிகள்: படகில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூணு நாள் லீவு சேர்ந்து வந்தால் போதும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் விழும் மெசேஜ் 'ஊட்டியா, கொடையா?' என்பதுதான். எந்தப் பக்கம் முடிவானாலும் பிளானில் ஒரு ஐட்டம் மாறாது: ஏரி, போட்டிங், கரையில் மிளகாய் பஜ்ஜி, சைக்கிள், ஒரு குரூப் போட்டோ.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. மலையில் குளிர்ந்த காற்றில் படகு மிதிக்கும் சுகம் தனிதான். ஆனால், கடந்த சில ஆண்டுகளாக இந்த ஏரிகள் டூரிஸ்ட் பக்கத்தில் வருவதைவிட, கோர்ட் செய்திகளில்தான் அதிகம் வருகின்றன. இ-பாஸ், வாகனக் கட்டுப்பாடு, வாட்டர் பாட்டிலுக்குத் தடை, கழிவுநீர் வழக்கு என்று பட்டியல் நீள்கிறது. 'நாம ஒரு அரை மணி நேரம் படகு விட்டா ஏரிக்கு என்ன ஆகிடப் போகுது?' என்ற கேள்வி நியாயமானது. பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: படகால் ஏரிக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து, நாம் தங்கும் ரூமின் பாத்ரூமிலிருந்து கிளம்புகிறது. எப்படி என்று பார்ப்போம்.

இவை இயற்கை ஏரிகளா?

இல்லை. தமிழகத்தின் மலை ஏரிகளில் நாம் போட்டிங் போகும் பிரபலமான இடங்கள் பெரும்பாலும் மனிதர்கள் கட்டியவை.

ஊட்டி ஏரியை உருவாக்கியவர் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1823 முதல் 1825 வரை வேலை நடந்தது. இப்போது ஏரியின் பரப்பு சுமார் 65 ஏக்கர். தொடக்கத்தில் இது இன்னும் பெரிதாக இருந்தது. இன்று நாம் பஸ்ஸில் போய் இறங்கும் பேருந்து நிலையமும், குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரிக்குள் இருந்த இடங்கள். ஏரி சுருங்கச் சுருங்க, ஊர் அதன்மேல் வளர்ந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இங்கே வந்தது 1973-ல்.

கொடைக்கானல் ஏரி 1863-ல் உருவானது. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டி இதை அமைத்தார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தவரும் அவரே. 1890-ல் இங்கே படகு கிளப் தொடங்கப்பட்டது. பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1932-ல்தான். அதாவது, சுமார் 40 ஆண்டுகள் இந்த ஏரியில் படகு விடுவது ஒரு சிறு கூட்டத்தின் பொழுதுபோக்காக இருந்தது.

பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி போன்றவையோ மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கியது. மற்ற மூன்றும் கனடாவின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, இங்கே நாம் பார்க்கும் 'ஏரி'யின் நீர்மட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மின்வாரியமும் தீர்மானிக்கிறது. போன மாதம் ரீல்ஸில் ததும்பிக்கொண்டிருந்த தண்ணீர், நீங்கள் போகும்போது சேறு தெரியும் அளவுக்கு இறங்கியிருக்கலாம்.

ஊருக்கு நடுவில் ஏரி இருப்பதில் என்ன சிக்கல்?

ஒரு வாஷ்பேசினைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் எங்கே தண்ணீர் ஊற்றினாலும் அது நடுக்குழிக்குத்தான் வரும். கொடைக்கானலும் ஊட்டியும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. சுற்றிலும் சரிவு, சரிவில் வீடுகள், காட்டேஜ்கள், ஹோட்டல்கள். அடியில் ஏரி. மழைநீர் கொண்டுவரும் மண், குப்பை, ஓடையில் கலக்கும் கழிவுநீர் என எல்லாவற்றுக்கும் கடைசி ஸ்டாப் அந்த ஏரிதான்.

ஆறாக இருந்தால் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியில் தண்ணீர் தங்கும். வந்தது அடியில் படியும்.

கொடைக்கானல் ஏரிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரிவதுதான் அதன் அழகு. ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். இதே பரப்பு ஒரு வட்டமாக இருந்திருந்தால் அதன் சுற்றளவு 1.75 கிலோமீட்டர் கூட வராது. ஆனால், ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். கைகள் போல உள்ளே நீண்டு மடியும் கரைகளால் வந்த நீளம் இது. சைக்கிள் ஓட்டுபவருக்குக் கொண்டாட்டம். ஏரிக்கோ, கழிவு வந்து சேரக்கூடிய கரை நீளம் அதிகம். அந்தக் கைகளுக்குள் தண்ணீர் அசையாமல் தேங்கி நிற்கும் இடங்களும் அதிகம்.

கழிவுநீர் கலந்தால் ஏரிக்கு என்ன ஆகும்?

கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய இருக்கும். இரண்டுமே செடிகளுக்கு உரம். ஏரிக்குள் போனதும் பாசியும் ஆகாயத்தாமரையும் இந்த உரத்தில் கொழுத்து வளரும். அவை மேற்பரப்பை மூடினால் அடியில் இருக்கும் தாவரங்களுக்கு வெளிச்சம் கிடைக்காது. பிறகு பாசியும் செடியும் செத்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன்களுக்கு மூச்சுத் திணறும். நாற்றம் கிளம்பும். செத்தவை வண்டலாகப் படிந்து, ஏரியின் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

ஊட்டி ஏரியில் அவ்வப்போது ஆகாயத்தாமரையை அகற்றுகிறார்கள், தூர்வாருகிறார்கள். ஆனால், செடியை அகற்றினாலும் உரம் வரும் வழி அடைபடவில்லை என்றால், செடி திரும்ப வரும். ஊட்டியில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. இருந்தும், நகரத்துக்குள் ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் ஏரிக்கு வந்துகொண்டிருப்பது உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார்.

டூரிஸ்ட்டுகளின் பங்கு எவ்வளவு?

ஒரு சிறிய கணக்குப் போடலாம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார இறுதி நாள்களில் ஒரு நாளைக்கு 6,000 வெளியூர் வாகனங்கள் என உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஒரு வண்டிக்கு 4 பேர் என்று வைத்தால் 24,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 36,501. அதாவது, ஒரே நாளில் ஊரின் மூன்றில் இரண்டு பங்கு ஆள்கள் புதிதாக வந்து இறங்குகிறார்கள்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் திட்டமிடலுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொதுவான கணக்கு. 24,000 பேரும் ஒரு நாள் தங்கினால் சுமார் 26 லட்சம் லிட்டர் கழிவுநீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 216 லாரிகள். எல்லாரும் இரவு தங்குவதில்லை, எல்லா ஹோட்டலும் ஏரியின் சரிவில் இல்லை என்பது உண்மை. பாதியைக் கழித்தாலும் 108 லாரி. அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க், அதை அடுத்து உறிஞ்சுகுழி, குறிப்பிட்ட இடைவெளியில் லாரி வைத்து எடுப்பது என்று இருந்தால் பிரச்சினை கட்டுக்குள் இருக்கும். நாலு ரூமுக்கு என்று கட்டிய டேங்க்கோடு பன்னிரண்டு ரூம் காட்டேஜ் ஓடினால், மிச்சம் சரிவில் இறங்கும். சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே பார்த்தோம்.

ஏரித் தண்ணீர் வெளியே எங்கே போகிறது?

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறும்போது, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் எல்லா வண்டியும் ஒரு இடத்தில் நிற்கும். வெள்ளி நீர்வீழ்ச்சி. சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீர், கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்து வருவதுதான். செல்ஃபி எடுத்து, முகம் கழுவி, 'மலைத் தண்ணி, சுத்தமா இருக்கும்' என்று பாட்டிலில் பிடிப்பவர்களும் உண்டு. அது நேரடியாக மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் இல்லை. ஒரு நகரத்தின் நடுவே தேங்கி நின்றுவிட்டு வரும் தண்ணீர். பார்த்து ரசிக்கலாம், குடிக்க வேண்டாம்.

கொடைக்கானல் ஏரியில் பாதரசம் இருக்கிறதா?

இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்து, பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001-ல் மூடப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருந்ததைப் பதிவு செய்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016-ல் உடன்பாட்டுக்கு வந்தது.

அப்படியென்றால் போட்டிங் போகக் கூடாதா? படகில் உட்கார்ந்து போவதால் பாதரசம் உடம்பில் ஏறாது. ஏரிகளில் சேரும் பாதரசம் மனிதரை வந்தடையும் முக்கியமான வழி மீன். வண்டலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் மெர்குரியாக மாற்றும். சிறிய உயிர்களிலிருந்து பெரிய மீனுக்கு அது அடர்ந்துகொண்டே போகும். எனவே இந்த ஏரியில் தூண்டில் போட்டு, பிடித்த மீனை வறுத்துச் சாப்பிடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இ-பாஸ் எதற்கு, யாருக்கு?

சீசன் காலத்தில் நீலகிரிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வாகனங்கள் ஏறுகின்றன என்ற தகவல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதையடுத்து நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் வேலை சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் போனது.

2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது:

• நீலகிரி: வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000
• கொடைக்கானல்: வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000

உள்ளூர்க்காரர்களின் வண்டிகள், அத்தியாவசியப் பொருள் ஏற்றிவரும் வாகனங்கள், அரசு பஸ், ரயில் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. இ-பாஸுக்குக் கட்டணமும் இல்லை. அரசின் இ-பாஸ் இணையதளத்தில் மொபைல் எண், வண்டி எண், தேதி, எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் போன்ற விவரங்களைப் பதிந்தால் க்யூஆர் கோடு வரும். விதிகள் சீசனுக்கு சீசன் மாறுகின்றன. எனவே ரூம் புக் செய்வதற்கு முன்பே இ-பாஸ் நிலவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு சிக்னல் தேடுவது தேவையில்லாத டென்ஷன்.

இந்த வரம்பால் தங்கள் பிழைப்பு பாதிக்கப்படுகிறது என்று வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே வருமானத்தில்தான் மழைக்கால மாதங்களை அவர்கள் ஓட்டியாக வேண்டும். ஆனால், ஏரி நாறத் தொடங்கினால் முதலில் அடி வாங்கப்போவதும் அதே படகுக்காரரும் பஜ்ஜிக் கடைக்காரரும்தான்.

கூட்டம் இல்லாத ஏரிகளுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. 'யாருக்கும் தெரியாத ஸ்பாட்' என்று ஒரு ரீல் வைரலானால், அடுத்த சீசனில் அதுவும் இன்னொரு ஊட்டி ஏரிதான். அதனால் சில இடங்களில் கட்டுப்பாடு கடுமையாகவே இருக்கிறது. அதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்.

பேரிஜம்: கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வனத்துறையின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். யானை நடமாட்டம் இருந்தால் மொத்தமாக மூடிவிடுவார்கள். இந்த ஏரித் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. நீங்கள் கரையில் போடும் சிப்ஸ் பாக்கெட் யாருடைய குடிநீரில் கிடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மன்னவனூர்: பூம்பாறையைத் தாண்டி, கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். புல்வெளிக்கு நடுவில் ஏரி, பரிசல் சவாரி. அருகிலேயே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

அவலாஞ்சி: சொந்த வண்டியில் ஏரிவரை போய்விட முடியாது. வனத்துறையின் வண்டியில்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். சுற்றிலும் சோலைக்காடும் புல்வெளியும். மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, வெயில் காலத்திலும் ஓடைகளுக்குத் தண்ணீர் விடுவது இந்தக் கூட்டணிதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் இங்கே போக பிளான் போடாதீர்கள். 2019 ஆகஸ்ட் 8-ல் இங்கே 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

ஏற்காடு: சேலத்திலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். ஊரின் நடுவில் சிறிய ஏரி, படகு இல்லம். சிறிய ஏரி என்பதால், மேலே சொன்ன எல்லாப் பிரச்சினைகளும் இதற்கும் பொருந்தும்.

படகில் கவனிக்க வேண்டியவை

• லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் போடுங்கள். போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தாறுமாறாகும், கை கால் சீக்கிரம் விறைக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார்.
• படகில் எழுந்து நிற்பது, ஆள் மாறி உட்காருவது வேண்டாம். சிறிய படகுகள் கவிழ்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.
• நீர்மின் அணைகளின் கரையில் காய்ந்த சேறு கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே இழுக்கும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது.
• வாய்ப்பு இருந்தால் மோட்டார் படகுக்குப் பதிலாகத் துடுப்புப் படகோ பெடல் படகோ எடுங்கள். எண்ணெய் கசிவு இல்லை, சத்தம் இல்லை. கரையோரப் பறவைகளையும் பார்க்கலாம்.

ஏரிக்காக நாம் என்ன செய்யலாம்?

முதலில் பாட்டில். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கட்டுப்பாடு இருக்கிறது. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கோபப்படுவதைவிட, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போவது எளிது. நீலகிரியில் சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து பயணம். முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள். ஒர்க் ஃப்ரம் ஹோம் இருப்பவர்களுக்கு இது சாத்தியம்தான். ரூம் வாடகையும் குறையும், போட்டிங் க்யூவும் குறையும். நாலு பேர் நாலு பைக்கில் போவதைவிட அரசு பஸ்ஸிலோ, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலோ போகலாம். இ-பாஸ் தலைவலியும் இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, தங்கும் இடம். புக் செய்வதற்கு முன் நாம் வழக்கமாகக் கேட்பது: 'லேக் வியூ இருக்கா? ஹாட் வாட்டர் வருமா? கேம்ப் ஃபயர் உண்டா?' இதோடு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'உங்க கழிவுநீர் எங்கே போகுது? செப்டிக் டேங்க் கடைசியா எப்போ எடுத்தீங்க?' முதலில் கேட்கும்போது போனின் மறுமுனையில் ஒரு நிமிடம் அமைதியாக இருப்பார்கள். ஒழுங்காக நடத்துபவர் உடனே பதில் சொல்வார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் ரிவியூ போடுகிறோம் இல்லையா? காலை டிபனில் பூரி ஆறிப்போயிருந்ததை எழுதும் அதே இடத்தில், ரூமுக்குப் பின்னால் கழிவுநீர் ஓடையில் கலந்ததைப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள், போட்டோவோடு. வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். ஸ்டார் ரேட்டிங் குறைந்தால் ஹோட்டல்காரர் அடுத்த வாரமே டேங்க் லாரிக்கு போன் போடுவார்.